வாலஸ் சேகரிப்பின் பிரெஞ்சுக் கலை: கண்ணுக்கு இனிமை மட்டும்தானா?

நிலாமுற்றம்:

அனைவருக்கும் வணக்கம். லண்டனின் மான்செஸ்டர் சதுக்கத்தில் உள்ள வாலஸ் சேகரிப்பைக் கடந்த மாதம் முதன்முறையாகப் பார்த்தேன். 18ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு ஓவியங்களும் மரச்சாமான்களும் பீங்கான்களும் இவ்வளவு செறிவாக ஒரே கூரையின் கீழ் இருக்கும் இடங்கள் பிரான்சுக்கு வெளியே மிகச் சில என்று பலரும் சொல்லக் கேட்டிருந்ததால் மிகுந்த ஆவலோடுதான் போனேன். ஆனால் இரண்டு மணி நேரத்தில் எனக்குத் திகட்டிவிட்டது. எந்த அறைக்குள் நுழைந்தாலும் ரோஜா நிறக் கன்னங்கள், பட்டாடைகள், பூமாலைகள், பறக்கும் குழந்தைகள், பொன்முலாம் பூசிய வெண்கலக் கால்கள். பூசேயின் ஓவியங்களை அடுத்தடுத்துப் பார்த்தபோது ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் உள்ள வேறுபாடே எனக்குப் பிடிபடவில்லை. ஃபிராகொனாரின் ‘ஊஞ்சல்’ ஓவியத்தின் முன் நின்று, இதை ஏன் உலகம் கொண்டாடுகிறது என்று யோசித்தபடியே நகர்ந்துவிட்டேன்.

குறை அந்தக் கலையிடம் இருக்கிறதா, நான் பார்த்த முறையில் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளவே இதை எழுதுகிறேன். பிரெஞ்சு அரசவையின் பொருள்கள் ஏன் ஒரு லண்டன் வீட்டில் இருக்கின்றன என்பதும் எனக்கு விளங்கவில்லை. அடுத்த சனிக்கிழமை முழு நாளையும் அதற்கென்றே ஒதுக்கியிருக்கிறேன். எதை, எந்த வரிசையில், எவ்வளவு நேரம் பார்க்க வேண்டும் என்று அறிந்தவர்கள் சொன்னால் பெரிதும் நன்றியுடையவளாக இருப்பேன்.


ஏட்டுச்சுவடி:

வணக்கம் நிலாமுற்றம் அவர்களே. உங்கள் இரண்டாவது கேள்விக்கு விடை தெரிந்தால் முதல் கேள்வியில் பாதி தானாகவே தீர்ந்துவிடும் என்பதால் வரலாற்றிலிருந்து தொடங்குகிறேன்.

பிரெஞ்சுப் புரட்சியின்போது அரச குடும்பத்தின் உடைமைகளும் நாட்டைவிட்டு ஓடிய பிரபுக்களின் உடைமைகளும் பெருமளவில் விற்பனைக்கு வந்தன. வெர்சாய் அரண்மனையின் சாமான்களை விற்பதற்கு மட்டும் 1793 ஆகஸ்டில் தொடங்கிய ஏலம் ஏறத்தாழ ஓர் ஆண்டு நீடித்தது. 17,000க்கும் மேற்பட்ட உருப்படிகள் அதில் கைமாறின. புரட்சிக்குப் பிந்தைய பாரிஸில் தாவீத் என்ற ஓவியரின் கறாரான ரோமானிய பாணியே மேலோங்கியிருந்தது. முந்தைய தலைமுறையின் பூசே, வாத்தோ, ஃபிராகொனார் ஆகியோர் வீழ்ந்துபோன ஆட்சியின் அடையாளங்களாக ஒதுக்கப்பட்டார்கள். ஃபிராகொனார் 1806இல் இறந்தபோது அவரை ஏறக்குறைய மறந்தே போயிருந்தார்கள்.

இந்த இடைவெளியில்தான் ஹெர்ட்ஃபோர்ட் மார்க்வெஸ் பட்டம் தாங்கிய ஆங்கிலேயக் குடும்பம் நுழைகிறது. மூன்றாம் மார்க்வெஸ் பிரெஞ்சுச் சாமான்களையும் செவ்ர் பீங்கான்களையும் வாங்கத் தொடங்கினார். ஆயினும் நீங்கள் பார்த்தவற்றில் பெரும்பகுதியைச் சேர்த்தவர் 1800இல் பிறந்த நான்காம் மார்க்வெஸ். ஆங்கிலேயப் பிரபுவாக இருந்தும் அவர் வாழ்நாளில் பெரும்பகுதியைப் பாரிஸிலேயே கழித்தார். பூலோஞ் காட்டின் ஓரத்தில் உள்ள பகாத்தேல் என்ற சிறு மாளிகையை 1835இல் வாங்கினார். அது பதினாறாம் லூயியின் தம்பி 1777இல் மரீ அந்துவானெத்தோடு பந்தயம் கட்டி இரண்டு மாதங்களுக்குச் சற்றே கூடுதலான காலத்தில் கட்டிமுடித்த மாளிகை. ஆக, தாம் விரும்பிய நூற்றாண்டின் சுவர்களுக்குள்ளேயே அவர் வாழ்ந்தார் என்று சொல்லலாம்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். தமக்காக ஏலங்களில் கலந்துகொண்ட லண்டன் முகவருக்கு எழுதிய கடிதங்களில், தமக்கு இனிமையான படங்கள் மட்டுமே பிடிக்கும் என்று மார்க்வெஸ் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். துயரமும் குருதியும் முதுமையும் நிறைந்த படங்களை அவர் நாடவில்லை. உங்களுக்குத் திகட்டியதற்கு ஒரு காரணம் இதுதான். ஒரு நாட்டின் கலை வரலாற்றைப் பொறுப்போடு விளக்குவதற்காகத் தொகுத்த காட்சியகத்தை நீங்கள் பார்க்கவில்லை. ஒரு தனிமனிதரின் விருப்பத்தை, அவருடைய செல்வம் அனுமதித்த அளவுக்குப் பார்த்தீர்கள்.

அவர் 1870 ஆகஸ்டில் பகாத்தேலில் இறந்தார். அடுத்த மாதமே பிரஷ்யப் படைகள் பாரிஸை முற்றுகையிட்டன. அவருடைய செயலாளராக இருந்தவரும், அவருடைய மகனாகவே இருக்கக்கூடும் என்று பலரும் கருதுபவருமான ரிச்சர்ட் வாலஸுக்குத்தான் சேகரிப்பு போய்ச் சேர்ந்தது. மார்க்வெஸ் அவரை ஒருநாளும் மகனென்று ஏற்றுக்கொள்ளவில்லை. முற்றுகைக் காலத்தில் வாலஸ் நகரைவிட்டு ஓடாமல் அங்கேயே தங்கி, மருத்துவ உதவிக்கும் பட்டினியால் வாடியவர்களுக்கும் பெரும்பொருள் செலவிட்டார். பாரிஸ் தெருக்களில் இன்றும் நிற்கும், நான்கு பெண்சிலைகள் தாங்கும் பச்சைநிறக் குடிநீர் ஊற்றுகள் அவர் 1872 முதல் வழங்கியவை. ஆயினும் அந்தக் கொந்தளிப்புக்குப் பிறகு சேகரிப்பின் சிறந்த பகுதியை லண்டனுக்கு எடுத்துச்செல்வதே நல்லது என்று அவர் முடிவெடுத்தார். இன்று சேகரிப்பு இருக்கும் ஹெர்ட்ஃபோர்ட் மாளிகையைச் சீரமைக்கும் வரை, 1872 முதல் 1875 வரை, அது கிழக்கு லண்டனின் பெத்னல் கிரீன் அருங்காட்சியகத்தில் பொதுமக்களுக்குக் காட்டப்பட்டது. மரீ அந்துவானெத்தின் மேசைகளை உழைக்கும் மக்கள் வாழ்ந்த பகுதியின் குடும்பங்கள் வரிசையில் நின்று பார்த்தன என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெகிழ்ச்சி ஏற்படுகிறது.

வாலஸ் 1890இல் இறந்தார். இளமையில் பாரிஸில் வாசனைத் திரவியக் கடையொன்றில் பணிபுரிந்தவரான அவருடைய மனைவி, லண்டன் வீட்டின் கலைப்பொருள்களைப் பிரிட்டிஷ் நாட்டுக்கு உயில் எழுதிவைத்துவிட்டு 1897இல் மறைந்தார். 1900 ஜூனில் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. பாரிஸிலேயே தங்கிவிட்ட மற்றொரு பகுதி பின்னாளில் விற்கப்பட்டுச் சிதறிப்போனது.

எந்த வரிசையில் பார்ப்பது என்பதை ஓவியம் பழகியவர்கள் சொல்லட்டும். மாடிப்படியில் ஏறும்போது கைப்பிடிக் கிராதியைத் தவறவிடாதீர்கள் என்பது மட்டுமே என் வேண்டுகோள். இரும்பையும் வெண்கலத்தையும் கொண்டு 1719, 1720ஆம் ஆண்டுவாக்கில் பாரிஸின் அரச வங்கிக்காகச் செய்யப்பட்ட கிராதி அது. பிற்காலத்தில் பழைய இரும்பு விலைக்கு விற்கப்பட்டு, அதன்பின் வாலஸின் கைக்கு வந்தது.


உளிச்சத்தம்:

நான் ஓவியம் அறிந்தவன் அல்லன். பழைய மரச்சாமான்களைச் செப்பனிடும் தொழிலில் இருபத்தைந்து ஆண்டுகள் இருந்தவன். அந்த வீட்டுக்குப் போகிறவர்கள் சுவரையே பார்த்துக்கொண்டு நடந்து, இடுப்புயரத்தில் இருப்பவற்றை அறையின் நிரவல் என்று எண்ணிக் கடந்துவிடுகிறார்கள் என்ற வருத்தம் எனக்கு எப்போதும் உண்டு. ஆகவே அம்மா, அடுத்த முறை முதல் இரண்டு மணி நேரத்தைச் சாமான்களுக்குக் கொடுங்கள்.

அந்திரே ஷார்ல் பூல் என்ற தச்சரிடமிருந்து தொடங்குங்கள். 1642 முதல் 1732 வரை வாழ்ந்த இவருக்குப் பதினான்காம் லூயி மன்னர் 1672இல் லூவ்ர் அரண்மனைக்குள்ளேயே பட்டறையும் இருப்பிடமும் தந்தார். அந்தக் காலத்துக் கைவினைஞர் குழுமங்களின் கட்டுப்பாட்டின்படி மரவேலை செய்பவர் உலோகவேலை செய்யக் கூடாது. அரசரின் கைவினைஞர் என்பதால் பூலுக்கு அந்தத் தடை இல்லை. இரண்டையும் ஒரே கூரையின் கீழ் செய்ய முடிந்தது. ஆமையோட்டையும் பித்தளையையும் பின்னிப் பதிக்கும் வேலைக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டதற்கு இந்தச் சலுகையும் ஒரு காரணம்.

அந்த வேலை எப்படி நடக்கிறது என்று சொன்னால் பார்க்கும் கண்ணே மாறிவிடும். கடலாமையின் ஓட்டைச் சூடான நீரில் ஊறவைத்து மென்மையாக்கி, அழுத்திச் சமதளமாக்கி, மெல்லிய தகடாகத் தேய்க்கிறார்கள். அதே அளவுக்கு ஒரு பித்தளைத் தகட்டை எடுத்து, இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, மேலே கொடிகளும் சுருள்களும் வரைந்த தாளைப் பதித்து, மயிரிழை போன்ற இழைவாளால் கோட்டைப் பின்தொடர்ந்து ஒரே வீச்சில் அறுக்கிறார்கள். பிரித்தெடுத்தால் ஆமையோட்டுக் கொடிகளும் பித்தளைக் கொடிகளும் தனித்தனியாகக் கிடைக்கும். ஆமையோட்டுத் தளத்தில் பித்தளைக் கொடியைப் பதித்தால் ஒரு மேசை. மிச்சமிருக்கும் பித்தளைத் தளத்தில் ஆமையோட்டுக் கொடியைப் பதித்தால் இன்னொரு மேசை. இருள் வெளிச்சமாகவும் வெளிச்சம் இருளாகவும் மாறிய இரட்டைப் பிறவிகள் போல அவை இருக்கும். ஆமையோடு ஒளியை ஊடுருவவிடும் என்பதால் அதன் அடியில் சிவப்பு வண்ணம் பூசுவதும் உண்டு. அந்தச் சிவப்பு ஓட்டின் வழியே தணல் போலக் கசிந்து தெரியும். அதன் பிறகு பித்தளையின்மேல் ஊசியுளியால் இலை நரம்புகளையும் முகங்களையும் கீறி, கீறலில் கறுப்பு நிரப்புகிறார்கள்.

இந்த வேலையின் பகை எது என்பதை நான் என் கையாலேயே கற்றேன். என் தொழிலின் தொடக்க ஆண்டுகளில், இதே பாணியில் பிற்காலத்தில் செய்யப்பட்ட ஒரு கடிகாரப் பெட்டி பட்டறைக்கு வந்தது. அதில் பித்தளைக் கொடியின் நுனி ஒன்று ஒட்டு விட்டுத் தூக்கிக்கொண்டிருந்தது. அதை மெதுவாக அழுத்தினால் படிந்துவிடும் என்று கட்டைவிரலால் அழுத்தினேன். பித்தளை படியவில்லை. பக்கத்தில் இருந்த ஆமையோடுதான் ‘டக்’ என்று விரிசல் விட்டது. காற்றின் ஈரத்துக்கேற்ப அடியில் உள்ள மரம் சுருங்கி விரிகிறது. பித்தளைக்கு அந்தப் பழக்கம் இல்லை. இடையில் இருக்கும் விலங்குப் பசையோ காய்ந்து பொடியாகிறது. இந்த மூன்றின் இழுபறிக்கு நடுவே முந்நூறு ஆண்டுகள் ஒரு சாமான் உயிரோடு இருப்பதே பெரிய செய்தி. அந்த ஒலியை நான் இன்னும் மறக்கவில்லை.

அடுத்து, பதினைந்தாம் லூயியின் வெர்சாய் படுக்கையறைக்காக 1739இல் செய்தளிக்கப்பட்ட கொமோட், அதாவது இழுப்பறைப் பெட்டகம். மரவேலை அந்துவான் ரொபேர் கொத்ரோ. வெண்கல வேலை ஜாக் காஃபியேரி. ஓர் இழுப்பறை எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று தேடிப் பாருங்கள். வெண்கலக் கொடிகள் அந்த எல்லையைப் பொருட்படுத்தாமல் முகப்பு முழுவதும் படர்ந்திருக்கும். இழுக்கும்போது கொடி இரண்டாகப் பிரிய வேண்டும்; மூடும்போது வெட்டுத் தெரியாமல் சேர வேண்டும். அந்த இணைப்பின் துல்லியத்தை ஒரு தச்சன் பார்த்தால் சிறிது நேரம் பேச்சு வராது.

அந்த வெண்கலத்தின் பொன்னிறத்துக்குக் கொடுத்த விலையையும் நினைவில் வையுங்கள். பொன்னைப் பாதரசத்தில் கரைத்துக் களிம்பாக்கி, வெண்கலத்தின்மேல் பூசி, நெருப்பில் காட்டுவார்கள். பாதரசம் ஆவியாகிப் போகும், பொன் ஒட்டிக்கொள்ளும். அந்த ஆவியை நாள்தோறும் சுவாசித்த முலாம் வேலைக்காரர்களின் கைகள் நடுங்கின, பற்கள் உதிர்ந்தன, ஆயுள் குறைந்தது. அறை முழுவதும் மின்னுவது அவர்களுடைய உழைப்பு.


நிலாமுற்றம்:

ஏட்டுச்சுவடி அவர்களுக்கும் உளிச்சத்தம் ஐயாவுக்கும் மனமார்ந்த நன்றி. அந்தப் பெட்டகத்தின் முன் நின்ற நினைவு இருக்கிறது. ஆனால் அது திறக்கக்கூடிய பொருள் என்ற எண்ணமே எனக்கு அப்போது எழவில்லை. ஓவியங்களைப் பற்றியும் யாரேனும் இதுபோல் அருகில் அழைத்துச் சென்று காட்டினால் நன்றாக இருக்கும். குறிப்பாக ‘ஊஞ்சல்’ பற்றிக் கேட்க விரும்புகிறேன். அது ஒரு காதல் விளையாட்டுப் படம் என்பதற்கு மேல் எனக்கு எதுவும் தெரியவில்லை.


கரிக்கோடு:

‘ஊஞ்சல்’ காதல் விளையாட்டுப் படம்தான். அதில் நீங்கள் தவறவில்லை. அது எப்படிப்பட்ட விளையாட்டு, அதை வரைந்தவர் எதைக் கொண்டு அதைப் படமாக்கினார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

1767இல் ஒரு கனவான், வரலாற்றுக் காட்சிகளை வரைவதில் அப்போது பெயர்பெற்றிருந்த துவாயேன் என்ற ஓவியரை அழைத்து, தன் காதலியை ஊஞ்சலில் வைத்து ஓர் ஆயர் (பிஷப்) தள்ளுவது போலவும், அவளைக் கீழிருந்து தான் பார்ப்பது போலவும் வரையச் சொன்னாராம். துவாயேன் திகைத்துப்போய், இதற்கு ஏற்றவர் ஃபிராகொனார் என்று கைகாட்டிவிட்டார். ஷார்ல் கொல்லே என்ற நாடக ஆசிரியரின் நாட்குறிப்பில் இந்தச் செய்தி இருக்கிறது. ஃபிராகொனார் ஆயரை நீக்கிவிட்டு, நிழலுக்குள் அமர்ந்து கயிற்றை இயக்கும் ஒரு முதியவரை வைத்தார். அரசரின் வரலாற்று ஓவியராகும் வாய்ப்பு தமக்கு முன்னால் திறந்திருந்த காலத்தில் அவர் இந்தப் படத்தை ஏற்றுக்கொண்டார் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

படம் சிறியது, 81 செ.மீ. உயரமும் 64 செ.மீ. அகலமும்தான். எனவே ஓரடி தொலைவுக்குச் செல்லுங்கள். பாவாடையின் இளஞ்சிவப்பைத் தூரத்திலிருந்து பார்த்தால் ஒரே நிறமாகத் தெரியும். அருகில் போனால் அது வெண்மை, செம்மை, சாம்பல் ஆகிய விரைவான தூரிகை வீச்சுகளாகப் பிரிந்துவிடும். பிறகு மரங்களைப் பாருங்கள். படத்தின் பெரும்பரப்பை எடுத்துக்கொள்வது அந்தப் பெண் அல்லள். நீலமும் பச்சையும் புகையும் கலந்த அந்தத் தோட்டம்தான். ஒழுங்காக வெட்டிச் சீராக்கப்பட்ட அரண்மனைத் தோட்டமாக அது இல்லை. முறுக்கிய கிளைகளும் அடர்ந்த புதரும் கொண்டு பெருகுகிறது. 2021இல் பழுப்பேறிய பழைய வார்னிஷை அகற்றிச் சுத்தம் செய்த பிறகு இந்தத் தோட்டம் மீண்டும் ஆழம் பெற்றது. அதற்கு முன் அச்சுப்படங்களில் பார்த்துப் பழகிய மஞ்சள் கலந்த பச்சை ஃபிராகொனாருடையது அன்று, வார்னிஷினுடையது.

இடப்பக்கத்தில் விரலை உதட்டில் வைத்து நிற்கும் கியூபிட் சிலையைத் தேடுங்கள். அது ஃபிராகொனாரின் கற்பனை அன்று. ஃபால்கொனே என்ற சிற்பி, பதினைந்தாம் லூயியின் காதலியாக இருந்த மதாம் தெ பொம்பதூருக்காகச் செய்து அக்காலத்தில் எல்லோரும் அறிந்திருந்த சிலையின் சாயல். பார்வையாளர்கள் அதை உடனே அடையாளம் கண்டிருப்பார்கள். வலக்கீழ்மூலையில் ஒரு சிறு வெள்ளை நாய் குரைக்கிறது. நாய் காட்டிக்கொடுக்கப் பார்க்கிறது, சிலை பேசாதே என்கிறது. இவ்விரண்டுக்கும் நடுவில், காற்றில், கழன்ற காலணி. ஊஞ்சல் உச்சத்தை அடைந்து திரும்புவதற்கு முந்தைய நொடி அது. ஒரு வரலாற்று ஓவியர் போர்க்களத்துக்குச் செலவழிக்கும் அமைப்புத் திறனை ஃபிராகொனார் அந்த நொடிக்குச் செலவழித்திருக்கிறார். இதை நான் அற்பமென்று கருதவில்லை.

பூசேயின் படங்கள் எல்லாம் ஒன்றுபோல் தெரிகின்றன என்றீர்கள். அவரிடம் எல்லாம் உண்டு, உண்மை மட்டும் இல்லை என்று அக்காலத்துச் சிந்தனையாளரும் கலை விமர்சகருமான தித்ரோவே 1761இல் எழுதினார். ஆகவே உங்களுக்கு நல்ல துணை இருக்கிறது. ஆனாலும் இரண்டு இடங்களில் நில்லுங்கள். மாடிப்படி மேல்தளத்தில் எதிரெதிரே மாட்டியிருக்கும் சூரியோதயமும் சூரிய அத்தமனமும் மூன்று மீட்டருக்கும் மேல் உயரமானவை. கோபலின் நெசவுச்சாலையில் சுவர்ச்சீலை நெய்வதற்கான மாதிரிகளாக வரையப்பட்டவை அவை. நெசவாளர் பின்பற்ற வேண்டும் என்பதற்காகவே உருவங்களின் வெளிக்கோடுகள் அவ்வளவு தெளிவாக இருக்கின்றன. இன்னொன்று 1759இல் வரைந்த பொம்பதூரின் உருவப்படம். அவர் சாய்ந்து நிற்கும் பீடத்தின்மேல் உள்ள சிலை நட்பைக் குறிப்பது. அரசருக்கும் அவருக்கும் இடையே காதல் உறவு முடிந்து பல ஆண்டுகளாகியிருந்தன. அவருடைய செல்வாக்கோ குறையவில்லை. தம் இடம் இனி நட்பில் நிற்கிறது என்பதை ஒரு சிலையின் வழியே அரசவைக்குச் சொல்லும் அரசியல் படம் அது. அந்தப் பட்டாடை, பக்கத்தில் அமர்ந்திருக்கும் நாய்க்குட்டி, விசிறி எல்லாமே அந்தச் செய்தியைச் சுமக்கின்றன.

இனிப்பு அதிகமாகிவிட்டது என்று தோன்றும்போது வாத்தோவிடம் செல்லுங்கள். 1721இல், 36 வயதில் இறந்துபோனவர். அவருடைய தோட்டங்களிலும் பட்டாடைகளும் இசையும் உண்டு. ஆனால் அங்கே யாராவது ஒருவர் எப்போதும் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார், அல்லது உரையாடல் முடிந்த பிறகு என்ன செய்வதென்று தெரியாதவர் போல் இருப்பார். அந்தப் பரப்புகளில் பல இடங்களில் வெடிப்புகளைக் காணலாம். வாத்தோ பொறுமையில்லாமல் எண்ணெயை மிகுதியாகச் சேர்த்தார், வண்ணப்பலகையைச் சுத்தம் செய்யாமலே வேலைசெய்தார் என்று அவருடைய நண்பர் கேலூஸ் பிரபு குறைபட்டிருக்கிறார். நாள் குறைவென்று அறிந்த ஒருவரின் அவசரம் அந்த வெடிப்புகளில் இருப்பதாக எனக்குத் தோன்றும். நிரூபிக்க இயலாத எண்ணம்தான். ஆனாலும் அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் அது வருகிறது.


வடக்குச்சாளரம்:

மேலே எழுதியவர்கள் மூவரும் நான் மதிப்பவர்கள். ஆயினும் ஒரு மறுப்பைச் சொல்லாவிட்டால் நிலாமுற்றம் அவர்களுக்கு முழுமையற்ற சித்திரமே கிடைக்கும்.

அவருக்குத் திகட்டியது சரியான உணர்வு என்றே நான் நினைக்கிறேன். வாலஸ் சேகரிப்பை மட்டும் பார்த்து பிரெஞ்சுக் கலை என்றால் இதுதான் என்று முடிவுகட்டுபவர், ஒரு வீட்டின் விருந்தறையை மட்டும் பார்த்து அந்த வீட்டின் வாழ்க்கையை எழுதுபவருக்கு ஒப்பானவர். மெழுகுவத்தி வெளிச்சத்தில் மனிதரை நிறுத்திய ஜார்ஜ் தெ லா தூர் அங்கே இல்லை. ஏழை உழவர்களைக் கண்ணியத்தோடு வரைந்த லெ நேன் சகோதரர்கள் இல்லை. எல்லாவற்றையும்விட எனக்கு வருத்தம் தருவது ஷார்தேன் இல்லாததுதான். பூசேயின் அதே பாரிஸில், அதே ஆண்டுகளில், செப்புப் பாத்திரத்தையும் வெங்காயத்தையும் சீட்டுக்கட்டால் வீடு கட்டும் சிறுவனையும் வரைந்தவர் அவர். இவர்கள் விடுபட்டது தற்செயல் அன்று. லா தூரை 19ஆம் நூற்றாண்டில் பெரும்பாலும் யாருமே அறிந்திருக்கவில்லை. 1915க்குப் பிறகுதான் ஆய்வாளர்கள் அவரை மீட்டெடுத்தார்கள். ஆனால் ஷார்தேன் கிடைக்கக்கூடியவராகவே இருந்தார்.

எனவே அந்தச் சனிக்கிழமையை இரண்டாகப் பிரியுங்கள். காலையில் வாலஸ், பிற்பகலில் அங்கிருந்து நடந்தே டிரஃபால்கர் சதுக்கத்தின் நேஷனல் கேலரி. அங்கே ஷார்தேனின் சீட்டுக்கட்டு வீடும், லெ நேனின் மேசையைச் சுற்றிய நால்வரும் இருக்கிறார்கள். ஃபிலிப் தெ ஷாம்பேஞ், கார்டினல் ரிஷ்லியூவின் தலையை மூன்று கோணங்களில் வரைந்த படமும் இருக்கிறது. ஷாம்பேஞ் மட்டும் வாலஸிலும் உண்டு. அவருடைய சமயப் படங்களின் முன் கூட்டமே இருக்காது.

17ஆம் நூற்றாண்டுக்காக வாலஸில் நான் நிற்கும் இடம் ஒன்றே ஒன்று. பூசேன் 1634க்கும் 1636க்கும் இடையில் ரோமில் வரைந்த ‘காலத்தின் இசைக்கேற்ற நடனம்’. பிற்காலத்தில் ஒன்பதாம் கிளெமென்ட் என்ற பெயரில் போப் ஆன ஜூலியோ ரொஸ்பிலியோசி கேட்டு வரைவித்தது. வறுமை, உழைப்பு, செல்வம், இன்பம் என நால்வர் கைகோத்து வெளிப்பக்கம் நோக்கி வட்டமாக ஆடுகிறார்கள். சிறகுள்ள முதியவரான காலம் யாழ் மீட்டுகிறது. ஒரு குழந்தை மணற்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, மற்றொன்று நீர்க்குமிழி ஊதுகிறது. இன்பம் மட்டும் நம்மைப் பார்த்து அழைக்கிறாள். பூசேன் சிறு மெழுகுப் பொம்மைகளைச் செய்து பெட்டிக்குள் நிறுத்தி, ஒளி எப்படி விழுகிறதென்று பார்த்தபின்பே வரைவார். அந்த ஆட்டத்தில் நகர்வும் உறைவும் ஒருங்கே இருப்பதற்கு அதுதான் காரணம். இனிமையான படங்களை மட்டுமே விரும்பிய மார்க்வெஸ் இதையும் வாங்கியிருக்கிறார் என்பதற்காக அவர்மீது எனக்கு மதிப்பு உண்டு.


ஏட்டுச்சுவடி:

வடக்குச்சாளரம் அவர்களின் மறுப்பை ஏற்கிறேன். ஒரு சிறு சேர்க்கை மட்டும். இந்த விடுபடல்களை அருங்காட்சியகம் பின்னர் வாங்கி நிரப்பவும் இயலாது. சேகரிப்பு வேறு பொருள்களோடு கலவாமல் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பது வாலஸ் அம்மையாரின் உயிலில் உள்ள நிபந்தனை. அதை நெடுங்காலம் எவ்வளவு கண்டிப்பாகப் பொருள்கொண்டார்கள் என்றால், எந்தப் பொருளும் வெளியே இரவலாகக்கூடப் போகவில்லை. 2019இல்தான் அறங்காவலர்கள் தற்காலிக இரவலுக்கு வழிதிறந்தார்கள். அதன் பிறகே 2021இல், நீங்கள் சொல்லும் பூசேனின் நடனம் நேஷனல் கேலரியின் கண்காட்சிக்குப் போய்வந்தது. நடந்து போகக்கூடிய அந்தத் தூரத்தைக் கடக்க அதற்கு நூற்றிருபது ஆண்டுகள் ஆயின.


நிலாமுற்றம்:

வணக்கம். போய்வந்தேன். உங்கள் அனைவருக்கும் என்ன பார்த்தேன் என்று சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

உளிச்சத்தம் ஐயா சொன்னபடி முதலில் சாமான்களைப் பார்த்தேன். பூல் வேலைப்பாடுள்ள ஒரு மேசையின் அருகே குந்தியிருந்து, ஒரு பித்தளைச் சுருளின் ஓரத்தை மட்டும் பத்து நிமிடம் பின்தொடர்ந்தேன். பித்தளைக்கும் ஆமையோட்டுக்கும் இடையே மயிரிழை அளவு கறுப்புக் கோடு ஓடுகிறது. அது இழைவாள் போன பாதை என்று உங்கள் பதிவைப் படித்திராவிட்டால் எனக்குத் தெரிந்திருக்காது. கோடு ஓரிடத்திலும் தயங்கவில்லை. பிறகு கொத்ரோவின் பெட்டகம். இழுப்பறையின் எல்லையை முதலில் என்னால் காண முடியவில்லை. பக்கவாட்டில் நகர்ந்து, ஒளி சாய்வாக விழும்போதுதான் அந்தக் கொடி வெட்டுண்டிருக்கும் இடம் தெரிந்தது.

‘ஊஞ்சல்’ முன் இம்முறை நெடுநேரம் நின்றேன். நாயைக் கண்டேன், சிலையைக் கண்டேன். ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது கரிக்கோடு அவர்கள் ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிட்ட ஒருவர், அந்த முதியவர். அவர் முகத்தில் ஏமாற்றப்படுகிறவரின் சாயல் எனக்குத் தெரியவில்லை. மகிழ்ச்சியாகவே கயிற்றைப் பிடித்திருக்கிறார். அவருக்கு எதுவும் தெரியாதா, எல்லாம் தெரிந்தேதான் இருக்கிறாரா என்று எனக்கு முடிவுசெய்ய இயலவில்லை. நீங்கள் எப்படி வாசிக்கிறீர்கள் என்று அறிய விரும்புகிறேன்.

பிற்பகலில் நேஷனல் கேலரிக்கும் நடந்தேன். ஷார்தேனின் சிறுவன் சீட்டை நிறுத்துவதற்காக மூச்சைப் பிடித்திருப்பது போல் இருந்தான். காலணி காற்றில் நின்ற அந்த நொடியும், சீட்டு விழப்போகும் இந்த நொடியும் ஒரே நாளில் என் கண்ணில் பட்டன. இரண்டு ஓவியர்களும் ஒரே நகரத்தில் வாழ்ந்தவர்கள் என்பதை வடக்குச்சாளரம் அவர்கள் எழுதியபோது வெறும் தகவலாகவே படித்திருந்தேன்.


கரிக்கோடு:

முதியவரைப் பற்றி நீங்கள் கேட்டது நல்ல கேள்வி. வார்னிஷ் அகற்றப்படுவதற்கு முன் அவர் இருளோடு ஏறக்குறைய கரைந்திருந்தார். ஆகவே என் தலைமுறை அவரை அறியாதவர் என்றே வாசித்துப் பழகிவிட்டது. இப்போது நீங்கள் சொன்ன மகிழ்ச்சி எனக்கும் தெரிகிறது. அவர் கண்கள் அந்தப் பெண்ணின் மீதே இருக்கின்றன. புதருக்குள் கிடக்கும் இளைஞனோ அவருக்கு நேரெதிர்ப்பக்கத்தில், அவள் பாவாடைக்கு அப்பால் இருக்கிறான். அவர் இருக்கும் இடத்திலிருந்து அவனைப் பார்க்க முடியாது என்ற வகையில்தான் ஃபிராகொனார் மூவரையும் நிறுத்தியிருக்கிறார் என்பது என் வாசிப்பு. அடுத்த மாதம் நானும் போகிறேன். அந்தக் கோட்டை மீண்டும் ஒருமுறை கண்ணால் இழுத்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.